பல்லம்மாவின் புகையிலைக் கட்டி

புகையிலையை அழுத்தும் பிரஸ்ஸின் திருகை இன்னும் கால் சுற்று இறுக்கிவிட்டு, அதன் மேல் காதை வைக்கிறாள் பல்லம்மா. உள்ளே இலை பெருமூச்சு விடுமாம். அது அவளுக்குக் கேட்கும். வேறு யாருக்கும் இதுவரை கேட்டதில்லை. கண்ணை மூடி, தலையை ஆட்டி, "போதும், போதும், இன்னிக்கு இதுக்கு மேல நீ தாங்க மாட்டே" என்று இரும்புக்குள் இருப்பதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அதே மேசையின் மறுகோடியில் சிரித்தபடி காத்திருக்கும் பாங்கு மேனேஜரின் மேல்வரிசையை எடுத்து அரம் போட ஆரம்பிக்கிறாள். மேனேஜர் அங்கே இல்லை. பல் மட்டும்தான் வந்திருக்கிறது.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். மூன்றாவது மாடி வீட்டின் பின்னறைதான் பட்டறை. தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லம்மா. மாவு படிந்த வெள்ளைக் கோட்டின் வலது பையில் மெழுகுக் கத்தி, இடது பையில் ஒரு பிடி புகையிலை. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள்; முகம் பிறகுதான். பெயர் நினைவிருக்காது, கடி நினைவிருக்கும். "யாரு, அந்த முன்வரிசை ஏறின ஆளா? நல்ல மனுசன். கீழ்த்தாடைதான் கொஞ்சம் அவசரம்" என்பாள். பஸ்ஸில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால், இவள் தன்னையறியாமல் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்ப்பாள். அடி வாங்காமல் இத்தனை காலம் தப்பித்தது வயதின் புண்ணியம்.

பிரஸ் பல்லுக்காக வாங்கியது. கனத்த இரும்புச் சட்டம், நடுவே திருகு. இரண்டு பாதியாகப் பிரியும் பித்தளைப் பெட்டிக்குள் அச்சை வைத்து, ஈறு நிறத்து மாவைத் திணித்து, திருகால் இறுக்கினால் பல்செட். அதே பெட்டிக்குள் இலையை அடுக்கி இறுக்கினால், சுங்கானில், அதாவது பைப்பில், போட்டுப் புகைக்கிற புகையிலைக் கட்டி. வாரத்தின் முன்பாதி பல்லுக்கு, பின்பாதி புகையிலைக்கு. முன்பெல்லாம் இந்தப் பாகப்பிரிவினை கிடையாது. பாட்டு டீச்சரால் வந்தது.

பாட்டு டீச்சர் புதுப் பல்லை வாங்கிப் போன மறுநாளே திரும்பி வந்தார். "இங்க பாருங்கம்மா, வாயைத் திறந்தா ரம் வாசனை. ஸரிகமன்னு ஆரம்பிச்சா முன்வரிசைப் பொண்ணுங்க ஒண்ணையொண்ணு கிள்ளிக்குதுங்க. நான் இதுவரைக்கும் மோர்கூடப் புளிச்சது குடிச்சதில்ல!" புகையிலைக்குத் தெளிக்கும் ரம், பெட்டி வழியாகப் பல்லில் ஏறியிருந்தது. பல்லம்மா கூனிக்குறுகிப் போய், பல்செட்டைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். பித்தளைப் பெட்டியையும் பளபளவென்று விளக்கினாள். கொஞ்ச நாள் கழித்து அதே டீச்சர் படியேறி வந்து, அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த வாசனை போனதிலேருந்து வாய் சப்புன்னு இருக்கும்மா."

இலை, மொத்தக் கடையிலிருந்து மூன்று கட்டாக வரும். மஞ்சள், பழுப்பு, புகையில் வாட்டிய கறுப்பு. பல்லின் நிறம் பார்ப்பதற்கு வைத்திருக்கும் அட்டையை எடுத்து மஞ்சள் இலைமேல் வைத்துப் பார்த்துத் தரம் பிரிப்பாள். "இது வாத்தியார் மஞ்சள். இது ராத்திரி லாரி ஓட்டற டிரைவர். இது... ஐயோ, இது எங்க மாமனாரு." ஒவ்வொரு இலையிலும் நடுநரம்பைப் பிடித்து உருவி எடுப்பாள், இலை கிழியாது. உலர்ந்த கருப்புப் பிளம்ஸ் வேகவைத்த தண்ணீர், தேன், கொஞ்சம் ரம் கலந்து தெளிப்பாள். பிறகு ஒரு பிடி இலையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விடுவாள். கையில் ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், பூஞ்சை பிடித்துக்கொள்ளும். மொறுமொறுவென்றால் காய்ந்தது. மெல்ல மெல்ல விரிந்து எழுந்தால்தான் சரி. அப்படி எழுந்துவிட்டால் ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றுவாள். அறுபதைத் தாண்டிய இடுப்புக்கு அது ஆகாது என்று அவளிடம் சொல்லிப் பயனில்லை.

இலையை ஆவியில் காட்டி, சூட்டோடு பெட்டியில் அடுக்கி, தினம் சாயங்காலம் கால் சுற்று. வாரக் கடைசியில் திறந்தால், பாலிஷ் போட்ட பூட்ஸ் மாதிரி கறுத்து மின்னும் ஒரு கட்டி, தாடையின் வடிவத்தில். எடுத்ததும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள்.

இத்தனைக்கும் ஒரு தடவைகூடப் புகைத்தவள் இல்லை. "சீ, யாரு அந்தக் கருமத்த இழுப்பா?" என்று மூக்கைச் சுளிப்பாள். நுரையீரலுக்கு அது செய்யும் வேலையும் அவளுக்குத் தெரியாததல்ல. மூக்குக்கும் விரலுக்கும் தெரிந்தவரை அவள் பாடு. நெருப்பு வைத்த பிறகு என்ன ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டியவர் அவள் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலேயும் கீழேயும் அனுப்பி வைத்த மனிதருக்குக் குடியிருக்கக் கிடைத்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. இளவயதிலிருந்து பைப் பிடிக்கிற பழக்கம். ஒருநாள் கடையில் வாங்கி வந்த டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இதென்னங்க, குளிக்கிற சோப்பைத் துருவி வெச்சிருக்கான்? குடுங்க, நான் செஞ்சு தரேன்" என்றாள் பல்லம்மா. அப்படித்தான் தொடங்கியது.

கட்டியைச் செய்வது அவள் வேலை. வெட்டுவதும் உதிர்ப்பதும் அவருடையது. அவர் கட்டியையும் பேனாக்கத்தியையும் எடுத்துக்கொண்டு பின்பக்கப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். திரும்பி வரும்போது இவள் வாசலிலேயே நிற்பாள், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல். ஆரம்ப நாட்களில் அவர் விவரமாகத்தான் சொன்னார்: "முதல் இழுப்புல நாக்கக் கடிக்குது. பாதியில அணையுது. கறுப்பு இலையக் குறைச்சுக்கோ." அவளும் குறைத்தாள், கூட்டினாள். அப்புறம் எப்போதோ விவரம் நின்றுபோய், ஒரே வார்த்தையாகிவிட்டது.

"எப்படிங்க இருந்துச்சு?"

"பிரமாதம்."

"காரம்?"

"பிரமாதம்."

"பாதியில அணைஞ்சுதா?"

"பிரமாதம்னா பிரமாதம்."

லிஃப்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே மாடிக்குப் போவதுபோல. ஆனாலும் பிரமாதம் பிரமாதம்தானே. அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் துணிச்சல் வந்தது. ரம் கொஞ்சம் தாராளமாயிற்று. பிறகு இன்னும் தாராளமாயிற்று. வேலைக்கு நடுவே மூக்கால் பாட்டு வேறு. கீழ்வீட்டுத் தையல்காரம்மா தன் மிஷினை நிறுத்திவிட்டு, மேலே பார்த்து, "அக்கா, அந்தப் பாட்ட வாயால பாடுங்க, நல்லாயிருக்கும்!" என்று கத்துவாள்.

தையல்காரம்மாவுக்கும் அது நல்ல வருஷம். இரண்டாவது மாடிப் படித்திருப்பத்தில் அவள் வைத்திருக்கும் ரோஜாத் தொட்டிகளில் பூச்சி என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு பூவும் காப்பித் தட்டு அகலம். வீட்டுக்காரருக்கும் குறையில்லை. முன்பெல்லாம் இரண்டாவது மாடியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். இப்போது விறுவிறுவென்று ஏறி வந்துவிடுகிறார். அது தான் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பின் மகிமை என்று பல்லம்மா நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

இப்படி எல்லாம் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இலைக்கடைக்காரர் ஆசை காட்டினார். அவர் கடையின் பின்பக்கத்தில் சுங்கான் பிடிக்கிற பழம்பெருச்சாளிகள் சிலர் கூடுவது வழக்கம். "ஒரே ஒரு கட்டி கொண்டாங்கம்மா. அவங்க தலையாட்டிட்டா என் கண்ணாடி அலமாரியில உங்க கட்டிக்கு ஒரு தட்டு ஒதுக்கறேன். ஆனா சொல்லிட்டேன், முதல் தடவ சொதப்பினா ரெண்டாவது தடவ மூக்கக்கூடக் காட்ட மாட்டாங்க."

பல்லம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடி அலமாரி! ஊரார் வாய்க்குள்ளேயே மறைந்துபோகிற வேலையைச் செய்து பழகினவள் அவள். அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு, அது தன் சொந்தப் பல் என்று சாதிப்பவர்கள்தான் அவளுடைய வாடிக்கைக்காரர்கள். ஒரு பண்டம், அதன் மேல் நாலு பேர் பார்வை, "யாரு செஞ்சது?" என்று ஒரு கேள்வி. அது போதும் அவளுக்கு. எந்தக் கலவையைக் கொண்டுபோவது என்று வீட்டுக்காரரைக் கேட்டாள். "எதுவானாலும் பிரமாதம்" என்றார். "எல்லாமே பிரமாதம்னா எதுங்க பிரமாதம்?" என்று அலுத்துக்கொண்டு, கடைசியாகச் செய்த கலவையையே ஒரு கரண்டி ரம் கூட்டி அடுக்கினாள்.

அதற்கு முந்தைய மாதம் ஒரு சின்னத் தொல்லை நடந்திருந்தது. ஒரு வக்கீலின் பல்செட்டுக்காக வைத்திருந்த பீங்கான் கடைவாய்ப்பல் ஒன்று மேசையிலிருந்து காணாமல் போயிற்று. வக்கீலுக்குக் கோணல் கடி; அதற்காக அந்தப் பல்லின் உட்பக்கத்தை இவள் சரிவாகத் தேய்த்து வைத்திருந்தாள். கோட்டுப் பையை உதறினாள், மெழுகைக் கிளறினாள், வீட்டுக்காரரை அலமாரியைத் தூக்கச் சொன்னாள். கிடைக்கவில்லை. வேறொன்றைத் தேய்த்துப் பொருத்திக் கொடுத்துவிட்டு மறந்துபோனாள். வக்கீலும் கோர்ட்டில் பழையபடி கர்ஜித்துக்கொண்டிருந்தார்.

இலைக்கடைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, காலையில், தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். உள்ளங்கையில் ஒரு வெட்டுத்துணி. துணியின் நடுவே மண்ணும் ஒரு பல்லும்.

"அக்கா! ரோஜாத் தொட்டியில மனுசப் பல்லுக்கா! மண்ணு கிளறினேன், டொக்குன்னுது. யாரையோ கொன்னு பொதைச்சிருக்காங்க!"

"தொட்டியிலயா? யாரடி அது, அவ்வளவு சின்ன ஆளு?"

"விளையாடாம பாருங்கக்கா!"

பல்லம்மா வாங்கிப் பார்த்தாள். குழாயடியில் கழுவினாள். விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பினாள். உட்பக்கம் சரிவு. அவளுடைய அரம் போன தடம்.

"இவரு செத்தவரு இல்லடி. நேத்து சாயங்காலம்கூட கோர்ட்டுல நின்னு கத்திட்டு வந்தவரு."

"வக்கீல் பல்லா? அது எங்கூட்டுத் தொட்டியில எப்படிக்கா முளைச்சுது?"

பல்லின் அடியில் பொருத்துவதற்காக விட்டிருந்த துளையில் ஏதோ கறுப்பாக அடைத்திருந்தது. ஊசியால் நெம்பி எடுத்து மோந்து பார்த்தாள். பிளம்ஸ். ரம். பல்லம்மா மெல்லத் திரும்பி, பின்பக்கப் பால்கனியின் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"ஏண்டி, ரோஜாவுக்கு என்ன உரம் போடறே?"

"உரமா? அண்ணன் குடுக்கற மூலிகைத் தண்ணிதான். கட்டி கட்டியா ஏதோ ஊறவெச்சு, வாராவாரம் ஒரு பக்கெட்டு கொண்டாந்து அவரே ஊத்திட்டுப் போவாரு. என்ன மூலிகைண்ணேன்னா, ரகசியம்ங்கறாரு. தங்கமான மனுசன்க்கா."

பல்லம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். கணக்கு எளிது. பல் கட்டிக்குள் போயிருக்கிறது. கட்டியை வெட்டியிருந்தால் கத்தியில் தட்டியிருக்கும். உதிர்த்திருந்தால் விரலில் தட்டியிருக்கும். இரண்டிலும் தப்பினாலும் சுங்கானுக்குள் கடைவாய்ப்பல் நுழையாது. ஆனால் அந்தக் கட்டிக்கும் பிரமாதம் வந்தது. வாசலில் நின்று காதால் கேட்டு வாங்கினாள். அப்படியென்றால் இத்தனை நாளும் இவள் கட்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள், அந்த ரோஜாச் செடி.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிற்காமல், விறுவிறுவென்று. கடைசிப் படிவரை மூச்சு ஒரே சீர். பல்லம்மா அதையும் கேட்டுக்கொண்டாள். செருப்புக்குக் கொடுத்த பெருமையை மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஏங்க, போன மாசம் ஒரு கட்டி குடுத்தேனே, எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்" என்றார் அவர், பையைக் கீழே வைத்தபடியே.

"கல்லு கில்லு எதுவும் தட்டுப்படலையே?"

"சேச்சே. பஞ்சு."

அவள் கையை விரித்துக் காட்டினாள். அவர் பல்லைப் பார்த்தார். பிறகு நாக்கைத் தன் வாய்க்குள்ளே ஒரு சுற்று ஓட்டிச் சரிபார்த்தார்.

"உங்களோடது இல்லண்ணே" என்றாள் தையல்காரம்மா உதவியாக. "வக்கீலோடதாம். ரோஜாத் தொட்டியில இருந்துச்சு."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "விட்டுட்டேன்மா. வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாள் ரெண்டாவது மாடியில மூச்சு மேலயும் போகல, கீழயும் போகல, நடுவுல மாட்டிக்கிச்சு. எத்தன பேர நான் அப்படி நடுவுல மாட்டினதுலேருந்து இறக்கி விட்டிருக்கேன்! என்னைய இறக்க யாரு வருவா? அன்னியோட பைப்ப மூட்டை கட்டிட்டேன்."

"நல்ல காரியம்தானே! எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ பிரஸ்ஸ நிறுத்திருவே. அந்த இரும்புல காத வெச்சுக்கிட்டு நீ பண்ற கூத்து இருக்கே... அது இல்லாம இந்த வீட்ல வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு எனக்கு?"

"அதுக்காக ரோஜாவுக்கு ஊத்துவீங்களா?"

"ரோஜா ஒரு தடவகூட குறை சொல்லல."

முதலில் வெடித்தது தையல்காரம்மாதான். அளவு டேப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பல்லம்மா கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. திட்ட முயன்றாள், மறுபடி சிரிப்பு. கோட்டு நுனியால் கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் பல்மாவு அப்பிக்கொண்டது. அதைப் பார்த்து மற்ற இருவருக்கும் இன்னொரு அலை. மேசையே ஆடி, பாங்கு மேனேஜரின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடகடவென்று தட்டிக்கொண்டன.

திடீரென்று அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"இருங்க. அப்போ நான் செஞ்சது நல்லாயிருந்துச்சா, இல்லையா? வருஷம் பூரா செஞ்சிருக்கேன். ஒருத்தருக்காவது தெரியுமா? நாளான்னிக்கு எதை நம்பி நான் கடைக்குப் போறது?"

வீட்டுக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"வாயில வைக்கலயே தவிர, ஊறவைக்கறப்போ மோந்து பாப்பேன். பைப்ப விட்டதிலேருந்து மூக்கு பயங்கரமா வேலை செய்யுது. பக்கத்துத் தெருவுல பால் தீயறதுகூடத் தெரியுது."

"என்ன தெரிஞ்சுது, அதச் சொல்லுங்க."

"கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கன்னா!"

"ரம் ஜாஸ்தி. இப்ப இல்ல, ரொம்ப நாளாவே ஜாஸ்தி. மஞ்சள் இலைக்கு ஒரு நல்ல வாசனை இருக்கு, வெயில்ல காயற வைக்கோல் மாதிரி. பாவம், அது ஒரு மூலையில உக்காந்திருக்கு. ரம்தான் நடுவீட்ல ஆட்டம் போடுது."

"அட ஆமாக்கா" என்றாள் தையல்காரம்மா. "சில நாள் அந்தத் தண்ணிய ஊத்தின மறுநாள் ரோஜாகூட லேசா சாஞ்சாப்பலதான் நிக்கும்."

வேறு பெண்பிள்ளையாக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். பல்லம்மாவின் முகம், பிடித்துவிட்ட இலைபோல மெல்ல மெல்ல விரிந்து எழுந்தது. "இதத்தானேங்க நான் வாசல்ல நின்னு நின்னு கேட்டேன்! வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று அவர் தோளில் ஓர் அடி போட்டாள். பலமான அடி. பிறகு யாரும் எதிர்பார்க்காததைச் செய்தாள். நாள் ஆகாமல் பிரஸ்ஸைத் தொடவிடாதவள், விறுவிறுவென்று திருகைத் தளர்த்திப் பெட்டியைத் திறந்தாள். கட்டியின் மூலையைக் கிள்ளி, "மூக்கைக் காட்டுங்க" என்று அவர் முகத்தருகே நீட்டினாள். அவர் முகர்ந்தார். கட்டடமே அதிரும்படி ஒரு தும்மல்.

"புரிஞ்சுது. இது ரோஜாவுக்கு" என்று கட்டியைத் தையல்காரம்மாவின் கையில் கொடுத்தாள்.

இலைக்கடைக்காரருக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் வருகிறேன், அதுவரை உங்கள் ஆட்களை மூக்கைச் சிந்தி வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றாள். அன்று பட்டறையில் பல் வேலை நடக்கவில்லை. தையல்காரம்மா நடுநரம்பு உருவினாள். கத்தரிக்கோலை எடுத்து இரண்டு தடவை திட்டு வாங்கினாள். வீட்டுக்காரர் நாற்காலியில் நீதிபதிபோல் அமர்ந்து, நீட்டியதையெல்லாம் முகர்ந்து தீர்ப்புச் சொன்னார். "இதுல தேன் தூக்கல்." "இது செல்லாது." "இது... இரு, இன்னொரு தடவ காட்டு." ரம் பாட்டில் அவர் காலடியில் கைதியாக இருந்தது. ஒவ்வொரு "செல்லாது"க்கும் பல்லம்மா, "அப்படிச் சொல்லுங்க!" என்று துள்ளினாள். சாயங்காலத்துக்குள் ஒரு கலவையை முகர்ந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தன் வெற்றுச் சட்டைப்பைக்குக் கொண்டுபோய், பைப் இருந்த இடத்தைத் தடவிவிட்டுத் திரும்ப எடுத்தார். பல்லம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையே அடுக்கலாம் என்று முடிவாயிற்று.

ஆவியில் காட்டிய இலையைச் சூட்டோடு பெட்டியில் பாதிவரை அடுக்கியவள், கொஞ்சம் யோசித்தாள். பிறகு விளக்கடிக்குப் போய், அந்தக் கடைவாய்ப்பல்லை எடுத்து, ஊதித் துடைத்து, இலையின் நட்டநடுவில் வைத்தாள்.

"ஏம்மா! அது பல்லு!" என்று வீட்டுக்காரர் பாதி எழுந்தார்.

"தெரியும்."

"கடைக்குப் போற கட்டியாச்சே, உள்ள எதுக்கு இது?"

"வக்கீல் பல்லுதானே, சாட்சிக்கு இருக்கட்டும். கட்டிய நெசமா வெட்டினவன் கைக்குத்தான் இது வரும். இனிமே எவன் பிரமாதம்னு சொன்னாலும் இதக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்லணும்."

"யாராவது கட்டியக் கடிச்சுப் பாத்துப் பல்லு ஒடைஞ்சுட்டா?"

"ஒடைஞ்சா நேரா எங்கிட்டதானே வரணும்" என்றாள் பல்லம்மா. மீதி இலையை அதன்மேல் மூடி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, பித்தளை மூடியைப் பொருத்தி, திருகைப் பிடித்துக் கால் சுற்று சுற்றிவிட்டுக் காதை வைத்தாள்.